ஒஸ்லோவில் எல்லே: பட்டதா, படவில்லையா?

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் உடுப்புப் பெட்டியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னோடு வந்த இரண்டு மூங்கில் தடிகளைத்தான் சுங்க அதிகாரி மேசையில் கிடத்தி, கணுக் கணுவாகத் தட்டிப் பார்த்தார். உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்க்கிறாராம். இளம் வயது, வெயிலில் சிவந்த மூக்கு, நல்ல மரியாதை.

“இது என்ன?”

“மட்டை. விளையாடுவதற்கு.”

“என்ன விளையாட்டு?”

எல்லே என்று சொன்னால் விடியும்வரை நின்று விளங்கப்படுத்த வேண்டியிருக்கும். “பேஸ்போல் மாதிரி,” என்றேன். அவர் ஒரு தடியை எடுத்துத் தோளுக்கு மேலே தூக்கி ஒருமுறை வீசிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் குனிந்தார்கள். “நல்ல பாரம்,” என்று சிரித்தபடி திருப்பித் தந்தார். ரொறன்ரோ விமான நிலையத்தில் ஓர் அதிகாரி இப்படிச் செய்திருந்தால் அன்றோடு வேலை போயிருக்கும்.

வெளியே புளோரா அக்கா நின்றாள். என் பெரியம்மாவின் மகள். பார்த்துப் பல வருடங்கள். ஓடி வந்து கட்டிப்பிடிக்கப் போகிறாள் என்று நான் கையை விரித்தேன். அவள் தடிகளைக் கட்டிப்பிடித்தாள்.

“உடையாமல் வந்திட்டுது, கர்த்தரே! நீயும் சுகமாய் வந்தனியோ?”

யாழ்ப்பாணத்துக்கு ஒரு காணி விஷயமாகப் போயிருந்தேன். கனடாவுக்குத் திரும்பும் வழியில் ஒஸ்லோவில் இறங்கித் தடியைக் கொடுத்துவிட்டுப் போ என்பது அக்காவின் கட்டளை. நோர்வேயில் காடு காடாக மரம் நிற்கிறது, ஆனால் எல்லே அடிக்க ஒரு மூங்கில் இல்லை.

இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எல்லேயை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் தடியால் ரென்னிஸ் பந்தை அடித்துவிட்டு, வரிசையாக உள்ள தரிப்புகளைத் தொட்டுச் சுற்றி ஓடி வர வேண்டும். வழியில் எதிரணியினர் பந்தால் எறிவார்கள். உடம்பில் பட்டால் ஆட்டமிழப்பு. பேஸ்போலும் இதற்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன்தான், ஆனால் அங்கே ஓடுகிறவரைப் பந்தால் எறிந்தால் அடிதடிதான் நடக்கும்.

பேஸ்போல் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். அங்கே கோடைகாலம் முழுவதும் தொலைக்காட்சியில் அதுதான். எங்கள் ஊர் அணி தோற்றால் அன்றைக்குக் கிழவர்கள் சூப்பைத் தொடமாட்டார்கள். பெற்ற பிள்ளைகள் பார்க்க வராவிட்டாலும் அப்படி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களோடு இருந்து எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. நடுவர் சொன்னதை வீடியோவில் திரும்பிப் பார்க்கிற வழக்கம் முதலில் ஒன்றிரண்டு விஷயங்களுக்குத்தான் இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். கிழவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்காது. நான் ரீப்ளே கட்சி. மனிதக் கண்ணை நம்ப முடியாது, கமெராவை நம்பலாம் என்று அடித்துப் பேசுவேன்.

அக்கா வீட்டுக்குப் போக நிலக்கீழ் ரயில் எடுக்க வேண்டும். ஆனால் ஒஸ்லோக்காரர்கள் கோடை வந்தவுடன் தண்டவாளத்தைக் கிண்டத் தொடங்கிவிடுவார்களாம். பதிலுக்கு பஸ் விட்டிருந்தார்கள். நாங்கள் தவறான பஸ்ஸில் ஏறினோம். முப்பத்தைந்து வருடமாக நோர்வேயில் இருக்கிற அக்கா, “இது எங்கடை ரோட்டு இல்லையே!” என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு காட்டின் ஓரத்துக்கே வந்துவிட்டோம்.

அந்தச் சுற்றுப்பயணம் வீணாகவில்லை. முன் இருக்கையில் அணிச் சட்டை போட்ட இரண்டு நோர்வே ஆண்கள் பலமாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். நோர்வேக்காரர்கள் பஸ்ஸில் வாயே திறக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அக்காவின் முழங்கையை இடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன்.

“எங்கடை ஆக்கள் மூண்டு கிழமையாய் ஒரு கோலும் அடிக்கேல்லை, அதுக்கு வீடியோவைக் குற்றம் சொல்லாதை எண்டுறார் ஒராள்,” என்று அக்கா கிசுகிசுத்தாள். “மற்றவர் சொல்லுறார், கோல் அடிச்சாலும் வீடியோ பாத்து முடியும்வரைக்கும் சந்தோசப்படாமல் நிக்கவேணும், அந்தச் சந்தோசத்தை ஆர் திருப்பித் தாறது எண்டு.”

இந்த நாட்டில் கால்பந்துக் கழகம் அதன் உறுப்பினர்களுக்குச் சொந்தம். வீடியோ வேண்டாம் என்று உறுப்பினர்கள் கைதூக்கி வாக்களித்த கழகங்கள் உண்டாம். ஒரு தடவை விளையாட்டின் நடுவே மைதானத்துக்குள் மீன் கேக்கை எறிந்து எதிர்ப்புக் காட்டினார்களாம். எங்கள் ஊரில் சாப்பாட்டை எறிந்தால் முதலில் அம்மா அடிப்பா.

காலையில் அக்கா பாணில் பழுப்பு நிறச் சீஸை மெல்லியதாகச் சீவி வைத்துத் தந்தாள். எங்கள் ஊர்த் தொதல் இனிப்பைச் சீஸ் என்று பெயர் மாற்றி விற்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது துண்டில் பிடித்துப்போனது. அப்போதுதான் அக்கா விஷயத்தைச் சொன்னாள்.

அவள் தலைமை தாங்குகிற ஒஸ்லோப் பெண்கள் எல்லே அணி பல பருவங்களாக ஒரு ஆட்டத்திலும் வெல்லவில்லை. புதன்கிழமை மாலையில் அவர்கள் பயிற்சி செய்யும் மைதானத்தைச் சிறுவர் கால்பந்துக்குக் கேட்கிறார்கள். மைதானத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற தமிழ் விழாக்குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது: இந்தச் சனிக்கிழமை நடக்கும் கோடை விளையாட்டுவிழாவில் ஒரு ஆட்டமாவது வென்றால் மைதானம் அவர்களுக்கு. இல்லையென்றால் அணியே இல்லை.

“ஒண்டு. ஒரேயொரு வெற்றி,” என்று விரலைக் காட்டினாள்.

அத்தான் இறந்து இரண்டு வருடம். பிள்ளைகள் இருவரும் தூரத்தில், துரொண்ட்ஹெய்ம் நகரத்தில். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் நின்ற அக்கா, இப்போது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்கிறாள். வேலை விட்டால் வீடு, ஞாயிற்றுக்கிழமை கோயில்.

“புதன்கிழமையும் போச்சுதெண்டால் எனக்கு ஏழு நாளும் ஒரே நாள்தான் ஜெசி,” என்றாள். பிறகு உடனே எழும்பி, ஏற்கெனவே கழுவியிருந்த கோப்பையை மறுபடி கழுவினாள்.

அன்று மாலை விழாக்குழுவின் கூட்டம். பார்க்கலாமே என்று நானும் போனேன். ஒரு பாடசாலை வகுப்பறை. ஐம்பது தமிழர்கள் இருந்தும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசினார்! கையைத் தூக்க வேண்டும், தலைவர் பெயரைக் குறித்துக்கொள்வார், முறை வந்தால் பேசலாம். கோப்பியும் வாஃபிளும் சுற்றி வந்தன. ரொறன்ரோவில் எங்கள் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தை ஒருமுறை இவர்கள் பார்க்க வேண்டும்.

வாதம் வீடியோ பற்றி. போன வருடம் பந்தைப் பிடித்தார்களா என்பதற்கு மட்டும் போனில் படம் எடுத்துப் பார்த்தார்கள். இந்த வருடம் பந்து உடம்பில் பட்டதா என்பதற்கும் பார்க்கலாம் என்பது யோசனை. அக்கா எதிர்த்துக் கைதூக்கினாள்.

“பட்டால் பட்டவளுக்குத் தெரியும். அவளே நிண்டு ‘பட்டது’ எண்டு சொல்லுவாள். பாட்ஸ்பியோர்ட்டிலை மீன் பக்டரிக்குப் பின்னாலை விளையாடின காலத்திலையிருந்து அப்பிடித்தான். போன் வந்தால் ஒருத்தியும் சொல்லமாட்டாள்.”

பக்கத்து நகரமான திராமனின் அணித் தலைவி வசந்தி அடுத்ததாக எழுந்தார். நாற்பது வயதிருக்கும், உருண்டு திரண்ட தோள்கள். “எல்லாரும் உங்களை மாதிரி இல்லை அக்கா. போன வருஷம் துரொண்ட்ஹெய்ம்காரி ஒருத்தியின்ரை முதுகிலை நான் எறிஞ்ச பந்து டொம் எண்டு பட்டது. அவள் காத்து எண்டு சொல்லிப்போட்டு ஓடினவள்.”

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் துறுதுறுத்தது. கைதூக்கினேன். கனடாவில் பேஸ்போலில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று விலாவாரியாக எடுத்து விட்டேன். “நடுவர் முதலில் தன்ரை தீர்ப்பைச் சொல்ல வேணும். படத்திலை தெளிவாய்த் தெரிஞ்சால் மட்டும் மாத்தலாம். தெளிவில்லாட்டில் முதல் சொன்னதுதான் நிக்கும்,” என்றேன். அருமையான விதி என்று தலையாட்டினார்கள். வாக்கெடுத்தார்கள். வீடியோ வென்றது. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் வாஃபிளை அப்படியே வைத்துவிட்டேன்.

அதோடு விட்டார்களா? இந்த நாட்டில் டுக்னாட் என்று ஒன்று இருக்கிறது. ஊருக்குப் பொதுவான வேலையைக் கூலியில்லாமல் எல்லாரும் பங்கு போட்டுச் செய்ய வேண்டும், யாரும் தப்ப முடியாது. கூரை பூசுவது முதல் றோல்ஸ் பொரிப்பது வரை டுக்னாட்தான். கடைசித் தரிப்பில் போன் பிடிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

“நான் புளோரா அக்கான்ரை சொந்தம்,” என்று பதறினேன்.

“இஞ்சை ஆர் ஆருக்குச் சொந்தமில்லை?” என்றார் செயலாளர். “நீங்கள் கனடா. அது காணும்.”

மைதான நடுவரையும் அப்படித்தான் பிடித்திருந்தார்கள். கார்த்திக் என்று கோயம்புத்தூர்ப் பையன், கணினி வேலைக்கு வந்தவன். எல்லேயை வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆனால் நோர்வே முழுவதிலும் அவனுக்கு ஒரு சித்தப்பாகூடக் கிடையாது. நடுவருக்கு அதைவிட வேறு என்ன தகுதி வேண்டும்?

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. அதாவது நோர்வேக்காரர்கள் சட்டையைக் கழற்றினார்கள், நான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். மைதானத்தின் ஒரு பக்கம் கொத்து ரொட்டிச் சத்தம், மறுபக்கம் உருளைக்கிழங்கு ரொட்டியில் சுற்றிய சொசேஜ். நான் இரண்டையும் சாப்பிட்டேன். சொசேஜுக்கு மேலே கட்டைச் சம்பல் போட்டுத் தரச் சொன்ன ஒரு நோர்வேக் கிழவர் கண்ணைத் துடைத்தபடி இன்னொன்று வாங்கினார்.

காலையில் அக்காவின் அணி துரொண்ட்ஹெய்மிடம் தோற்றது. கொத்து ரொட்டிக் கடையில் நின்ற ஆண்கள் உடனே நிபுணர்களாகிவிட்டார்கள். ஓட்டம் காணாது என்றார் ஒருவர். பயிற்சியிலை கதைதான் கூட என்றார் இன்னொருவர். பழைய தடியாலை அடிச்சால் உப்பிடித்தான், புதுத் தடியை ஏன் ஒளிச்சு வைச்சிருக்கினம் என்று கேட்டார் மூன்றாமவர். எங்கள் முதியோர் இல்லத்துக் கூடம் எனக்கு ஞாபகம் வந்தது. தோற்கிற அணிக்கு ஊரெல்லாம் பயிற்சியாளர்தான்.

பின்னேரம் கடைசி ஆட்டம் திராமனோடு. புதுத் தடி வெளியே வந்தது. ஒஸ்லோப் பெண்கள் அன்றைக்கு அடித்த அடியை அவர்களே நம்பவில்லை. முடிவில் இரு அணிகளும் சமநிலை, ஒஸ்லோவுக்கு மிச்சம் இருந்தது ஒரேயொரு ஆள், அது அக்கா. ஒரு ஓட்டம் எடுத்தால் வெற்றி. எடுக்காவிட்டால் ஆட்டம் சமநிலையில் முடியும், புதன்கிழமை போய்விடும்.

நான் கடைசித் தரிப்புக்கு அருகில் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா அடித்தாள். பந்து கொத்து ரொட்டிக் கடைப் பக்கமாகப் பறந்தது. ஐம்பத்தெட்டு வயது உடம்பு, மீன் தொழிற்சாலையில் நின்று நின்று தேய்ந்த முழங்கால். முதல் தரிப்பு, இரண்டாவது, மூன்றாவது என்று நிற்காமல் ஓடி வந்தாள். தூரத்திலிருந்து வந்த பந்தை வசந்தி எடுத்துக் குறிபார்த்து எறிந்தார். அக்கா விழுந்தடித்துக் கோட்டைத் தாண்டினாள். பந்து அவளைக் கடந்து என் பக்கமாக உருண்டது.

“அவுட்!” என்றான் கார்த்திக். ஆனால் கேள்வி கேட்கிற மாதிரி இருந்தது அவன் குரல்.

இரண்டு பக்கமும் கூச்சல். பட்டது என்கிறார்கள், படவில்லை என்கிறார்கள். கையைத் தூக்கி முறைக்குப் பேசுகிற பழக்கமெல்லாம் பறந்துவிட்டது. கார்த்திக் என்னிடம் ஓடி வந்தான். “மேடம், வீடியோ போடுங்க. நான் பாதிதான் பார்த்தேன், சத்தியமா.”

எல்லாத் தலைகளும் என் போனைச் சுற்றிக் குவிந்தன. படத்தில் அக்கா மூன்றாவது தரிப்பைத் தாண்டுவது அழகாகத் தெரிந்தது. பிறகு வானம். பிறகு ஒரு பிர்ச் மரம். பிறகு புல், புல்லில் என் இடது சப்பாத்து, மறுபடி வானம். கமெரா துள்ளிய துள்ளலுக்கு மேலே என் குரல், எங்கள் குடும்பத்துக்கே உரிய வெண்கலக் குரல்: “ஓடு அக்கா! ஓடு! ஓடு!”

குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து என்னைப் பார்த்தன.

“மேடம், இதுல உங்க ஷூதான் தெரியுது,” என்றான் கார்த்திக்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், வசந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு. செயலாளர் தொண்டையைச் செருமினார். “படம் தெளிவில்லாட்டில் முதல் சொன்னதுதான் நிக்கும். அதுதானே விதி?” என்று என்னிடமே கேட்டார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய? நானே கொண்டுவந்து கொடுத்த விதி.

இத்தனை சத்தத்திலும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வேலியில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் செயலாளர் வந்து, மைதானத்தை இந்தப் புதன்கிழமையிலிருந்தே சிறுவர்களுக்குக் கொடுக்கப் போவதாக மெதுவாகச் சொன்னார். “ஓம், சரி,” என்றாள். பஸ்ஸில் தடிகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்தினாள். ஒருநாளும் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

ஞாயிறு பூசை முடிந்தபின் கடலில் குளிக்கப் போவோம் என்றாள். நகரத்தின் நடுவிலேயே, பெரிய பெரிய கட்டடங்களுக்கு முன்னால், ஃபியோர்ட் என்கிற கடற்குடாவுக்குள் மரத்தளம் போட்டிருக்கிறார்கள். அலுவலகம் போகிற வயதுக்காரர்கள் சர்வசாதாரணமாகத் துவாயைச் சுற்றி உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு கடுதாசிப் பை நிறைய அவித்த இறால் வாங்கி, தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து ஓடு உரித்தோம். தண்ணீரில் காலை வைத்தேன், எலும்பு வரை குளிர்ந்தது. அக்கா காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினாள்.

இடது கெண்டைக்காலின் பின்பக்கத்தில் வட்டமாக ஒரு கன்றல். பந்தளவு, வட்டம் பிசகாமல்.

நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.

“ஓம்,” என்றாள். “பட்டது.”

இறால் என் கையிலேயே இருந்தது.

“ஏன் அக்கா சொல்லேல்லை?”

“வாய் திறக்கத்தான் போனன். அதுக்கிடையிலை அவன் உன்னட்டை ஓடினான். சரி, படம் சொல்லட்டும் எண்டு நிண்டன். படத்திலை உன்ரை சப்பாத்து வந்தோடனை...” நிறுத்தி, தண்ணீரைக் காலால் அளைந்தாள். “தீர்ப்பை மாத்திப்போடுவினமோ எண்டு ஒரு ஆசை வந்திட்டுதடி. கூட்டத்திலை எழும்பி நிண்டு அப்பிடிக் கதைச்சவள் நான். போன் வந்தால் ஒருத்தியும் சொல்லமாட்டாள் எண்டு. நானே சொல்லேல்லை.”

“தீர்ப்புச் சரியாத்தானே வந்தது?”

“அவன் சரியாச் சொன்னதாலை. என்னாலை இல்லை.”

எனக்கு ஒரு பக்கம் பெரிய நிம்மதி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் சப்பாத்து யாருடைய வெற்றியையும் தட்டிப் பறிக்கவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க அந்த நிம்மதி கூசியது. கொஞ்ச நேரம் கழித்து, இறால் மணக்கிற கையைத் துடைத்துவிட்டு அவள் போனை எடுத்தாள். வசந்தியை அழைத்து எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள்.

“வசந்தி, நேற்றுப் பந்து எனக்குப் பட்டது. நான் சொல்லியிருக்கவேணும்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “எறிஞ்ச எனக்குத் தெரியாதே அக்கா? கால் எப்பிடி இருக்குது?”

“தெரிஞ்சும் ஏன் நீ கத்தேல்லை?”

“நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்.” பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “இண்டைக்காவது சொன்னியள். சரி, அதை விடுங்கோ. எங்களுக்கு ஆள் காணாது. மூண்டு பேர் பிள்ளைப்பேறு எண்டு நிக்கிறாளவை. புதன்கிழமை திராமனுக்கு வாங்கோ.”

“உங்களை வெல்ல ஏலாமல் போனதுக்கு உங்களோடையே வந்து விளையாடுறதோ?”

“தடியையும் கொண்டுவாங்கோ,” என்றார் வசந்தி. அவர் அழைத்தது அக்காவையா தடியையா என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

அக்கா வரமாட்டேன் என்றாள். திங்கட்கிழமையும் வரமாட்டேன் என்றாள். செவ்வாய்க்கிழமை விளையாட்டுச் சப்பாத்தை வெயிலில் காய வைத்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாட்டேன் என்பாள், அவளை எனக்குத் தெரியும்.

புதன்கிழமை பின்னேரம் எனக்கு விமானம். மத்திய ரயில் நிலையத்துக்கு இருவரும் ஒன்றாக வந்தோம், நான் பெட்டியோடு, அவள் தடியோடு. அவளுக்கு ஒரு மேடை, எனக்கு எதிர்மேடை. கட்டிப்பிடித்து, அழுது, மூக்கைச் சீறி, பழுப்புச் சீஸ் பொட்டலத்தை என் பெட்டிக்குள் திணித்ததில் நேரம் போய்விட்டது. நான் படியேறி என் மேடைக்கு வந்து திரும்பிப் பார்க்கிறேன், எதிரே திராமன் ரயில் வந்து நிற்கிறது, அக்கா இன்னும் அங்கே இல்லை. பிறகு படியில் முதலில் மூங்கில் தலை காட்டியது, அதற்குப் பின்னால் அவள். கதவு மூடப்போகிற மணி அடிக்கத் தொடங்கியது.

நான் பெட்டியைக் கீழே போட்டேன்.

“ஓடு அக்கா! ஓடு! ஓடு!”

மேடை முழுக்க நோர்வேக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இன்றைக்கு நான் நடுவர் இல்லை. அக்கா தடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கன்றிய காலை ஊன்றி ஓடினாள். கதவு மூடுவதற்கு முன் உள்ளே போய்விட்டாள், அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.